கீழ்லைனில் விளக்கு வைக்கும் நேரம்

கரடிச்சோலை எஸ்டேட்டில் மலை சரிந்து, தொழிலாளர் வீட்டு வரிசையான கீழ்லைனை மூடியதற்கு அடுத்த வருஷம், அந்தச் சரிவில் மண் இறுகி, புல் முளைத்து, மாடுகள் பயமில்லாமல் இறங்கி மேயத் தொடங்கியிருந்த ஒரு கோடை நாளில், விறகு பொறுக்கப் போன அமராவதி விறகில்லாமல் ஒரு செடியை வேர்மண்ணோடு முந்தானையில் ஏந்திக்கொண்டு மேல்லைனுக்கு ஏறி வந்தாள். தவிட்டுச் செடி. நீலகிரியில் அதைத் தெரியாதவர்கள் கிடையாது. சோலை ஓரத்திலும் பாறை இடுக்கிலும் தானாக வளரும், இலையின் அடிப்பக்கம் பூனைக்குட்டியின் காது போல மெத்தென்று இருக்கும், ரோஸ் நிறத்தில் பூத்து வாடும்போது வெளுத்துப்போகும், மழை தொடங்கும்போது கருநீலத்தில் பழுக்கும், தின்றால் நாக்கும் உதடும் விரல்நுனியும் சாயம் ஏறி நெடுநேரம் போகாது.

அவள் புருஷன் சந்தனம், தேயிலைக் கொழுந்து ஏற்றும் எஸ்டேட் லாரியின் டிரைவர், வாசலில் நின்று செடியைப் பார்த்தான்.

"அந்த மண்ணுல மொளச்சத எதுக்கு வீட்டுக்குக் கொண்டாந்த?"

"அங்க பூத்திருந்தது இது ஒண்ணுதாங்க."

அந்தப் பேச்சு எங்கே போய் நிற்கும் என்று இருவருக்கும் தெரியும். விடாமல் மழை பெய்த அந்த ஐப்பசியில் ஃபேக்டரியில் கொழுந்து தேங்கிவிட்டதென்று அமராவதியை இரவு வேலைக்குக் கூப்பிட்டிருந்தார்கள். மரம் விழுந்து பாதை அடைத்ததில் சந்தனத்தின் லாரி கோத்தகிரிப் பக்கமே நின்றுவிட்டது. ஆறு வயது மகள் நிரோஷாவைக் கீழ்லைனில் பக்கத்து வீட்டுக் கனகத்திடம் படுக்க வைத்துவிட்டுத்தான் அவள் போனாள். விடிந்தபோது கீழ்லைன் இருந்த இடத்தில் சிவப்பு மண் மட்டும் இருந்தது. சிலரைத் தோண்டி எடுத்தார்கள். கனகமும் நிரோஷாவும் கிடைக்கவில்லை. வேறெங்கோ இருந்ததால் பிழைத்தவர்களுக்கு மேல்லைனில் காலியாகக் கிடந்த வீடுகளைத் திறந்துவிட்டார்கள், அங்கே இருந்து பார்த்தால் பள்ளத்தில் அந்தச் செம்மண் தழும்பு நேராகத் தெரியும் என்பதை யாரும் யோசிக்கவில்லை.

காட்டுச் செடி வீட்டு வாசலில் பிடிக்காது என்றார்கள். பிடித்தது. டீத்தூள் சக்கையும் சாணமும்தான் அவள் போட்டது. தை மாதத்து உறைபனியில் மேல்லைனின் பீன்ஸ் கொடிகளெல்லாம் வெந்ததுபோல் கருகியபோது அது ஓர் இலைகூடச் சுருங்காமல் நின்றது. ஆடு கடித்தது, மறுபடி தழைத்தது. சந்தனமே ஒரு நாள் லாரியைப் பின்னால் எடுக்கும்போது அதன்மேல் ஏற்றிவிட்டான், தெரியாமல் ஏற்றினானா என்று அவள் கேட்கவில்லை, முறிந்த இடத்திலிருந்து நாலைந்து கிளை கூடுதலாகக் கிளம்பிச் செடி குடைபோல் விரிந்தது. அடுத்த கோடையில் அது மொத்தமும் பூத்து நின்றபோது மேனேஜர் வீட்டம்மா ஜீப்பை நிறுத்தி இறங்கி வந்து, "இதையா நாம காடுன்னு வெட்டிப் போடறோம்?" என்று சொல்லி, பங்களாத் தோட்டத்தில் வைக்க ஒரு கன்று பிரித்துத் தரச்சொல்லி வாங்கிப்போனாள்.

அதற்கும் அடுத்த வருஷம் காய் பிடித்தது. தென்மேற்கு மழை வருவதற்கு முந்தின வாரம், வேலை முடிந்து வந்து முகம் கழுவிய அமராவதி, வெளிச்சம் மங்கும் நேரத்தில், முதலில் பழுத்த பழத்தைக் கிள்ளி வாயில் போட்டாள். இனித்தது. விதை பல்லில் நெறுநெறுத்தது. விரலை முந்தானையில் துடைத்துக்கொண்டு தண்ணீர்க் குழாய் மேட்டுக்குக் குடத்தோடு போனவள் பள்ளத்தைப் பார்த்தாள், அங்கே கீழ்லைன் இருந்தது. தகரக் கூரை, கூரைமேல் கல், கூரைக்கு மேலே அடுப்புப் புகை, வரிசையாக விளக்கு. கனகத்தின் வீட்டுப் படியில் கனகம் மேல்படியிலும் நிரோஷா கீழ்ப்படியிலும் உட்கார்ந்திருக்க, கனகம் அவளுக்குத் தலை வாரிக்கொண்டிருந்தாள். நிரோஷாவுக்கு விழுந்திருந்த முன்பல் முளைத்திருந்தது. கால் நீண்டிருந்தது. விட்டுவிட்டுப் போன வயதில் அவள் இல்லை, இருந்திருக்க வேண்டிய வயதில் இருந்தாள்.

குடம் நிறைந்து வழிந்தது.  நாக்கில் சாயம் இருக்கும்வரை கீழ்லைன் இருந்தது, சாயம் வெளுக்க வெளுக்க விளக்குகள் ஒவ்வொன்றாக மங்கி, பிறகு புல் முளைத்த சரிவு மட்டும் இருந்தது.

வீட்டுக்கு வந்து சந்தனத்திடம் சொன்னாள். அவன் சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

"பல்லு முளைச்சிருச்சுங்க. முன்பல்லு ரெண்டும்."

அவன் தட்டை ஓரமாகத் தள்ளி வைத்தான். நீ பைத்தியமா என்று கேட்கவில்லை. "எனக்குக் குடுக்காத," என்றான். "பார்த்தேன்னா நான் இறங்கிப் போயிருவேன். என்னை நீ பிடிச்சு நிறுத்த முடியாது."

அவளால் சும்மா இருக்க முடியாமல் அடுத்த வீட்டு லூர்துவிடம் சொன்னாள். லூர்துவுக்குக் கல்யாணம் ஆன மறுவருஷமே சரிவு வந்தது. காய்ச்சலோடு அவள் ஆஸ்பத்திரியில் கிடந்ததால் பிழைத்தாள், அவள் புருஷன் அந்தோணி வீட்டில் தூங்கிக்கொண்டிருந்தான். அவளும் ஒரு பழம் தின்று, குழாய் மேட்டில் நின்று பார்த்து, "ஐயோ, அந்தச் சிவப்பு ஸ்வெட்டரை இன்னும் கழட்டாமத் திரியுது பாருக்கா," என்று சொல்லி அழுதாள். பிறகு மேல்லைன் முழுக்கத் தெரிந்துவிட்டது.

தெரிந்ததும் என்ன ஆகும்? ஒரு வாரம் எல்லோரும் அழுதார்கள். மாரியம்மன் கோயில் பூசாரி வந்து பழம் தின்று, தன் தம்பி கீழே மாட்டுக்குத் தண்ணீர் காட்டுவதைப் பார்த்து, எல்லோருக்கும் திருநீறு பூசிவிட்டுப் போனார். சர்ச்சிலிருந்து வந்த உபதேசியாரும் தின்று பார்த்து, முழங்கால் போட்டு ஜெபம் செய்துவிட்டுப் போனார். பிறகு மழை வந்தது, கொழுந்து வந்தது, வேலை வந்தது, எந்த அதிசயமும் தண்ணீர் பிடிக்கிற முறையையும் ரேஷன் போடுகிற நாளையும் மாற்றிவிட முடியாது என்பதால், அந்த அதிசயம் அவற்றுக்கு நடுவே தனக்கென்று ஓர் இடம் பிடித்து உட்கார்ந்துகொண்டது. பழம் இருக்கும் வாரங்களில் வீட்டுக்கு ஒரு பழம், ஆளை இழந்த வீட்டுக்கு முதலில் என்று அமராவதி பறித்துக் கொடுப்பாள். தின்றுவிட்டுச் சூடாக டீ குடித்தால் சாயம் சீக்கிரம் போய்விடும் என்று கண்டுபிடித்து அந்த நாட்களில் சாயங்கால டீயை விட்டார்கள். கீழே இருப்பவர்களுக்கு மேலே இருந்து கூப்பிட்டால் கேட்பதில்லை, அவர்கள் பேசுவதும் மேலே கேட்பதில்லை, அவர்கள் ஒருதரம்கூடத் தலை நிமிர்ந்து பார்ப்பதில்லை என்பது தெரிந்துவிட்டதால் யாரும் கூப்பிடுவதில்லை. ஒரே ஒருவர், மகனைப் பார்த்த முனியாண்டி, தாங்காமல் சரிவில் இறங்கி ஓடிக் காலை உடைத்துக்கொண்டார். அருகில் போகப்போக வீடுகள் விலகி விலகிப் போனதாகச் சொன்னார். அதன்பிறகு மேட்டோரத்தில் மூங்கில் கட்டிக் கம்பி போட்டார்கள். பனிமூட்டம் வந்து பள்ளத்தை மூடிக்கொண்டால் தின்ற பழம் வீண்; மூட்டத்தைப் பார்த்துத் திட்டுவது ஒரு வழக்கமாகிவிட்டது.

பேச்சும் மாறிப்போனது. கொழுந்து கிள்ளும்போது நிரைக்கு நிரை குரல் கேட்கும்.

"நேத்து கீழ என்னடி விசேஷம்? பந்தல் மாதிரி இருந்துச்சே?"

"எம் மாமியா வீட்டுக் கன்னுக்குட்டிக்கு நிழலு. செத்தும் அந்தக் கெழவிக்கு மாடுதான் உசுரு."

வெளியூர்க்காரர்கள் கேட்டால் பயந்திருப்பார்கள். மேல்லைனில் யாருக்கும் பயம் இல்லை. அவர்களுக்கு இருந்தது வேறொன்று. பழம் தீர்ந்துபோன மாதங்களில், வேலை நடுவே சட்டென்று பேச்சு நின்று எல்லோரும் ஒரே சமயத்தில் பள்ளத்தைப் பார்ப்பார்கள், அங்கே புல் இருக்கும், புல்லுக்கு அடியில் இப்போது என்ன நடக்கிறதோ என்கிற நினைப்பு குளிர்போல எல்லோர் முதுகிலும் ஏறும்.

மேனேஜர் வீட்டம்மாவின் கன்றும் நன்றாகவே வளர்ந்தது. பூத்தது, காய்த்தது, பங்களாவில் ஜாம் செய்தார்கள். அதைத் தின்று யாருக்கும் எதுவும் தெரியவில்லை. அவளுக்குக் கீழே யாரும் இல்லையே என்றார்கள் மேல்லைனில்.

இரண்டாவது பழப் பருவத்தில் லூர்து குழாய் மேட்டில் நின்று கத்தினாள். அந்தோணி தன் வீட்டில் இல்லை. அவன் கனகத்தின் வீட்டு வாசலில் விறகு பிளந்துகொண்டிருந்தான், கனகம் அவனுக்குத் துண்டு எடுத்துக் கொடுத்தாள், நிரோஷா இருவருக்கும் நடுவே ஓடினாள்.

"அடப் பாவி மனுசா! நான் இங்க உனக்காக ஞாயித்துக்கிழமை தவறாமப் பூசை வச்சிட்டிருக்கேன், நீ அங்க குடும்பம் நடத்தறியா?" லூர்து கம்பியைப் பிடித்து உலுக்கினாள். "அமராக்கா, பாத்தியா அவளை! எனக்குப் பூ வச்சுவிட்டவளே அவதான்!"

 அமராவதி பார்த்துக்கொண்டிருந்தது வேறு. நிரோஷா ஓடிவந்து கனகத்தின் இடுப்பைக் கட்டிக்கொண்டு அண்ணாந்து ஏதோ கேட்டாள். சத்தம் கேட்காவிட்டாலும் அந்த உதடு மூடித் திறந்த விதம் அமராவதிக்குத் தெரியாததா. அம்மா என்றுதான் கூப்பிட்டாள். கனகம் சாதாரணமாகக் குனிந்து பதில் சொன்னாள், நெடுநாளாகப் பழகிப்போன பதில்.

அன்று இரண்டு பெண்களும் குடங்களை அங்கேயே விட்டுவிட்டு வந்து அமராவதி வீட்டு அடுப்பங்கரையில் உட்கார்ந்தார்கள். லூர்து அழுதுவிட்டுச் சிரித்தாள், சிரித்துவிட்டு மறுபடி அழுதாள்.

"என் புருசன், உன் புள்ள, அவளுக்கு எல்லாம் கூடி வந்திருச்சுக்கா."

"அவ இல்லேன்னா எம் புள்ளைக்குத் தலை வாரிவிட யாரு இருக்கா?" என்றாள் அமராவதி. சொல்லி முடித்ததும்தான் அது எவ்வளவு உண்மை என்று அவளுக்கே தெரிந்தது, ஆனாலும் நெஞ்சு எரிந்தது, கனகத்தை மனதார வாழ்த்தவும் முடியாமல் சபிக்கவும் முடியாமல் அந்த மழைக்காலம் முழுக்க அவள் சரியாகச் சாப்பிடவில்லை.

லூர்து அடுத்த தை மாதம் ஃபேக்டரி ஃபிட்டர் ஒருவரைக் கல்யாணம் செய்துகொண்டு கூடலூர் பக்கம் போனாள். போகும்போது, "இனிமே எனக்குப் பழம் எடுத்து வைக்காதக்கா," என்றாள். "அவரு நல்லாருக்காரு. அது போதும்."

அமராவதி நிறுத்தவில்லை. வருஷா வருஷம் செடியைக் கவாத்து வெட்டி, அடியில் மண் அணைத்து, பூவை எண்ணாமல் எண்ணி, பறவை கொத்தாமல் பழைய கொசுவலை போட்டு மூடி, மழைக்கு முந்தின அந்தச் சில வாரங்களில் தன் பிள்ளை வளர்வதைத் துண்டு துண்டாகப் பார்த்தாள். ஒரு வருஷம் பையோடு எங்கோ படிக்கப் போய்வந்தாள் நிரோஷா. ஒரு வருஷம் கையில் கட்டு, எங்கே விழுந்தாளோ. ஒரு வருஷம் தாவணி போட்டிருந்தாள், கனகத்தின் வீட்டு ஓரத்தில் பச்சை ஓலையில் குடிசை கட்டியிருந்தது, பெண்கள் தாம்பாளத்தோடு வந்துபோனார்கள்.

அதைப் பார்த்த அமராவதி திரும்பி வந்து உளுந்தை வறுக்கத் தொடங்கினாள். மறுநாள் மேல்லைனில் எல்லா வீட்டுக்கும் போய், "எம் பொண்ணு பெரிய மனுஷியாயிட்டா, ஞாயித்துக்கிழமை தண்ணி ஊத்துறோம், வந்துருங்க," என்று அழைத்தாள். யாரும் ஆச்சரியப்படவில்லை. "யாரு மாமன் முறை?" என்று மட்டும் கேட்டார்கள். அமராவதியின் தம்பி குன்னூரிலிருந்து வாழைத்தாரோடு வந்தான். மணையில் யாரும் உட்காரவில்லை. மணைக்கு மஞ்சள் தண்ணீர் ஊற்றினார்கள், மணைக்கு ஆலத்தி சுற்றினார்கள், உளுந்தங்களி கிண்டி எல்லோருக்கும் கொடுத்தார்கள், ஒருத்தி நலங்குப் பாட்டுக்கூடப் பாடினாள். சந்தனம் அன்று காலையிலேயே லாரியை எடுத்துக்கொண்டு போனவன் மதியம் திரும்பி வந்தான். கையில் ஒரு பொட்டலம். மணைமேல் வைத்துவிட்டு ஓரமாகப் போய் நின்றான். பிரித்தால் பச்சையில் அரக்குக் கரை போட்ட பட்டுப் பாவாடைத் துணி.

"அளவு தெரியல," என்றான்.

அப்போதும் அவன் பழம் தின்னவில்லை. அந்த வாரங்களில் அவன் சாயங்காலமானால் லாரிக்கு அடியில் படுத்துக்கொண்டு எதையாவது கழற்றி மாட்டிக்கொண்டிருப்பான். கேபினில் அவன் ஒட்டிவைத்திருந்த ஒரே ஒரு போட்டோவில் நிரோஷா ரிப்பன் கட்டி, பயந்த முகத்தோடு, ஆறு வயதில் நின்றாள். அவனுக்கு அவளை அந்த வயதில் விட்டுவைக்கவே பிடித்திருந்தது என்று அமராவதி நினைத்தாள். அதற்காக அவன்மேல் கோபம் வந்த நாட்களும் உண்டு, பொறாமை வந்த நாட்களும் உண்டு.

கடைசி வருஷத்துப் பழம் நேரம் தவறிப் பழுத்தது. மழை முந்திக்கொண்டதால் பாதிக்காய் உதிர்ந்துபோய், கொஞ்சம்தான் தேறியது. ஒரு சாயங்காலம் மழை விட்டு, பள்ளத்தில் மூட்டம் இல்லாமல், கழுவிவிட்டதுபோல் வெளிச்சம் இருந்தபோது முதலில் தின்றவர் முனியாண்டி. கம்பி ஓரம் நொண்டி நொண்டிப் போய்ப் பார்த்தவர் திரும்பாமலே சத்தம் போட்டார்.

"எல்லாரும் வாங்க! கீழ சாமான் கட்டுறாங்க!"

லைன் மொத்தமும் வந்தது. பழத்தை இரண்டாகவும் நாலாகவும் கிள்ளி ஆளுக்கொரு துணுக்கு வாயில் போட்டார்கள். கீழே வீட்டு வாசல்களில் மூட்டையும் பெட்டியும் சட்டிபானையும் வெளியே வந்திருந்தன. பாய்களைச் சுருட்டினார்கள். மாடுகளை அவிழ்த்தார்கள். ஒருவன் கூரைமேல் ஏறிக் கல்லை எடுத்துவிட்டுத் தகரத்தைக் கழற்றினான். யார் முகத்திலும் அவசரமோ அழுகையோ இல்லை.

"எங்க போறாங்க?"

"வேற எஸ்டேட்டுல வேலை கிடைச்சிருக்கும்."

"அங்கேயும் எஸ்டேட்டுதானா?" என்று யாரோ கேட்டார்கள், யாரும் சிரிக்கவில்லை.

அமராவதி வீட்டுக்கு ஓடினாள். சந்தனம் லாரிக்கு அடியில் இருந்தான். அவன் காலைப் பிடித்து இழுத்தாள்.

"வெளிய வாங்க."

"என்ன?"

"போறாங்க. ஊரைக் காலி பண்ணிட்டுப் போறாங்க. இதுக்கப்புறம் பாக்கறதுக்கு ஒண்ணும் இருக்காது." அவள் உள்ளங்கையில் ஒரு முழுப் பழம் இருந்தது. "நீங்க இறங்கிப் போறதுன்னா போங்க. நானும் வரேன். ஆனா பாக்காம இருக்கக் கூடாதுங்க. என்னால இவ்வளவையும் ஒருத்தியா வச்சுக்க முடியாது."

கிரீஸ் கையோடு அவன் அதை வாங்கித் தின்றான். குழந்தைபோல் மென்றான். அவள் அவன் முழங்கையைப் பிடித்துக் குழாய் மேட்டுக்குக் கூட்டி வந்தாள், ஆட்கள் விலகி வழிவிட்டார்கள்.

ஊர்வலம் கிளம்பிவிட்டிருந்தது. பள்ளத்தின் மறுபக்கம் மலையைச் சுற்றி ஒரு பாதை போயிற்று, மேல்லைன்காரர்கள் யாரும் அதுவரை அங்கே பாதையைக் கண்டதில்லை. முன்னால் மாடுகள், பின்னால் தலைச்சுமையோடு பெண்கள், தோளில் தகரத்தோடு ஆண்கள். மேட்டில் ஒவ்வொருவரும் தங்கள் ஆளைத் தேடிப்பிடித்து விரலால் தொடர்ந்துகொண்டிருந்தார்கள். பூசாரி தன் தம்பியின் பெயரை மெதுவாகச் சொல்லிக்கொண்டே இருந்தார்.

சந்தனம் கம்பியைப் பிடித்துக்கொண்டு பார்த்தான். அவன் கண் கூட்டத்தில் தாழ்வாக, இடுப்பு உயரத்தில், ஒவ்வொரு சின்னக் குழந்தையாகத் தேடிப் போனது. இல்லை. மறுபடி முன்னாலிருந்து தேடினான். இல்லை. அவன் உதடு கருநீலமாக இருந்தது.

"அமரா," என்றான். "எது நம்ம புள்ள?"

 அமராவதி அவன் முகவாயைப் பிடித்து மெல்ல நிமிர்த்தி, அவன் கன்னத்தோடு தன் கன்னத்தை வைத்து, கையை நீட்டினாள்.

"அந்தா, கனகத்துக்குப் பின்னாடி. பச்சைத் தாவணி. தலையில பெட்டி வச்சிருக்கா பாருங்க. ஒத்தக் கையில பிடிச்சுக்கிட்டு."

அவன் பார்த்தான். உயரமான ஒரு பெண். சுமை சரியாமல் இருக்க இடது தோளைக் கொஞ்சம் தூக்கி நடந்தாள், எஸ்டேட் முழுக்கச் சந்தனத்தைத் தூரத்திலேயே அடையாளம் கண்டுபிடிக்கும் அந்த நடை. சேற்றில் ஒரு கிழவிக்குக் கை கொடுத்துத் தூக்கிவிட்டாள். ஏதோ சொல்லிச் சிரித்தாள். பாதை வளைகிற இடத்தில் பெட்டியை ஒருதரம் சரிசெய்தாள், அவள் திரும்பிப் பார்ப்பாள் என்று மேட்டில் அத்தனை பேரும் மூச்சைப் பிடித்தார்கள், அவள் திரும்பவில்லை, எதற்குத் திரும்ப வேண்டும், அவள் வீட்டு ஆட்கள் முன்னால் போய்க்கொண்டிருந்தார்கள்.

அவன் இறங்கிப் போகவில்லை. கம்பியை விடவும் இல்லை. பஸ் ஏற்றிவிட வந்த அப்பன்போல, அவளுக்குக் கேட்க வேண்டிய அவசியமில்லாத குரலில், "பாத்துப் போம்மா," என்றான்.

வளைவில் கடைசி ஆள் மறைந்தபோது யார் நாக்கிலும் சாயம் போகவில்லை. கீழே கூரையில்லாத சுவர்கள் நின்றன, வாசல்களில் அடுப்புச் சாம்பல் கிடந்தது, ஒரு கோழி மட்டும் அங்குமிங்கும் நடந்தது. அதையும் வெகுநேரம் பார்த்தார்கள். பிறகு ஒவ்வொருவராக டீ போடக் கிளம்பினார்கள்.

வீட்டில் சந்தனம் கையைக்கூடக் கழுவாமல் அடுப்பங்கரையில் அவளுக்கு எதிரே உட்கார்ந்தான்.

"சொல்லு," என்றான்.

"என்ன சொல்ல?"

"முன்பல்லு முளைச்சதிலேருந்து சொல்லு. கையில கட்டுப் போட்டிருந்தான்னியே, எந்தக் கை?"

"வலது கை," என்றாள் அமராவதி. அடுப்பை ஊதிவிட்டு, ஈரக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு, நன்றாகச் சம்மணம் போட்டு உட்கார்ந்து, சொல்லத் தொடங்கினாள். வெளியே மழை மறுபடி பிடித்துக்கொண்டது.